தீயணைப்பான்களுக்குள் இருந்த பொருள்கள்: ஒரு வரலாறு

அலுவலகச் சுவர்களிலும் பேருந்துகளிலும் பெட்ரோல் நிலையங்களிலும் காணப்படும் சிவப்பு உருளை தீயணைப்பான் எனப்படுகிறது. அதன் வெளித்தோற்றம் நூறு ஆண்டுகளாகப் பெரிதாக மாறவில்லை. உள்ளே இருக்கும் பொருள்தான் மீண்டும் மீண்டும் மாறிவந்திருக்கிறது. நீர், சோடா உப்பும் அமிலமும், நுரை, கார்பன் டெட்ராகுளோரைடு, கரியமில வாயு, உலர்தூள், ஹாலோன், புளோரின் சேர்ந்த புதிய திரவங்கள் என அந்தப் பட்டியல் நீளுகிறது.

இவற்றுள் பல இன்று வழக்கில் இல்லை. அவை தீயை அணைக்கத் தவறியதால் கைவிடப்பட்டவை அல்ல. கைவிடப்பட்ட பொருள்களில் சில, தீயை அணைப்பதில் மிகச் சிறந்தவை. ஆனால் அணைப்பவரின் ஈரலுக்கோ, வானில் உள்ள ஓசோன் படலத்துக்கோ, நிலத்தடி நீருக்கோ அவை கேடு செய்தன. அந்தக் கேடு பல வேளைகளில் பல ஆண்டுகள் கழித்தே தெரியவந்தது. தீயணைப்புப் பொருள்களின் வரலாற்றை இந்தக் கோணத்தில் விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

தீ எவ்வாறு அணைகிறது?

ஒரு பொருள் எரிய மூன்று தேவை: எரிபொருள், ஆக்சிஜன், வெப்பம். இதைத் தீ முக்கோணம் என்பர். மூன்றில் ஒன்றை நீக்கினால் தீ அணையும். பிற்காலத்தில் இத்துடன் நான்காவதாக ஒன்று சேர்க்கப்பட்டது. சுவாலைக்குள் ஹைட்ரஜன் அணு, ஹைட்ராக்சில் போன்ற மிக விரைவாக வினைபுரியும் துகள்கள் இடைவிடாமல் உருவாகி, எரிதலைச் சங்கிலித் தொடராக நடத்துகின்றன. இந்தச் சங்கிலியை அறுத்தாலும் தீ அணையும்.

எனவே தீயணைப்புப் பொருள் நான்கு வழிகளில் வேலை செய்யலாம். நீர் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. ஒரு கிலோகிராம் நீர் ஆவியாக மாற ஏறத்தாழ 2,260 கிலோஜூல் வெப்பத்தை உறிஞ்சும். கரியமில வாயு காற்றில் உள்ள ஆக்சிஜனின் விகிதத்தைக் குறைக்கிறது. நுரை எரிபொருளின் மேல் போர்வைபோல் மூடிக்கொள்கிறது. ஹாலோனும் உலர்தூளும் சங்கிலி வினையை அறுக்கின்றன. பெரும்பாலான பொருள்கள் ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளில் செயல்படும்.

நீரும் வெடிமருந்தும்

தீயணைப்பான் என்று சொல்லத்தக்க முதல் கருவிக்கு 1723ஆம் ஆண்டு லண்டனில் காப்புரிமை பெறப்பட்டது. அதைப் பெற்றவர் ஆம்புரோஸ் காட்ஃபிரே என்னும் வேதியியலாளர். ஒரு பீப்பாயில் நீரை நிரப்பி, அதன் நடுவே வெடிமருந்து அடைத்த சிறு உலோகக் கூடு ஒன்றை வைத்தார். திரியைக் கொளுத்தித் தீக்குள் உருட்டிவிட்டால், வெடிமருந்து வெடித்து நீரை நாற்புறமும் சிதறடிக்கும்.

கையில் எடுத்துச் செல்லும் இன்றைய வடிவத்துக்கு முன்னோடி, ஆங்கிலேயரான ஜார்ஜ் வில்லியம் மேன்பி 1818இல் உருவாக்கிய கருவி. எடின்பரோ நகரத் தீவிபத்து ஒன்றில் நீர் மேல் மாடிகளை எட்டாததை அவர் கண்டிருந்தார். ஏறத்தாழ 13 லிட்டர் கொள்ளும் செப்புக் கலத்தில் பொட்டாசியம் கார்பனேட்டுக் கரைசலை ஊற்றி, மேற்பகுதியில் காற்றை அழுத்தி அடைத்தார். குழாயைத் திறந்தால் அழுத்தக் காற்று கரைசலைப் பீய்ச்சும். அடைபட்ட கலம், அதற்குள் அழுத்தம், திறக்க ஒரு குமிழ் என்ற அடிப்படை அமைப்பு இன்றும் மாறவில்லை.

வாயுவைக் கொண்டு பெருந்தீயை அணைக்கும் முயற்சியும் 19ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது. கரியமில வாயு நிறைந்த இடத்தில் சுவாலை எரியாது என்பதை ஸ்காட்லாந்து வேதியியலாளர் ஜோசப் பிளாக் 1750களில் காட்டியிருந்தார். அந்நாட்டின் கிளாக்மனன் பகுதியில் ஏறத்தாழ 30 ஆண்டுகளாக எரிந்துகொண்டிருந்த நிலக்கரிச் சுரங்கத்தை, கோல்ட்ஸ்வொர்தி கர்னி என்பவர் நூற்றாண்டின் நடுவில் நைட்ரஜனும் கரியமில வாயுவும் கலந்த வாயுவைச் செலுத்தி அணைத்தார். பிறகு நீரைச் செலுத்திச் சுரங்கத்தைக் குளிரவைத்தார். அக்கால நுட்பத்தில் இவ்வாயுவைக் கையடக்கக் கலத்தில் அடைக்க வழியில்லை.

சோடா-அமிலக் கருவி

மேன்பியின் கருவியில் முன்கூட்டியே காற்றை அழுத்தி வைக்கவேண்டும், கசிந்தால் பயனில்லை. இக்குறையைத் தீர்க்க, தேவைப்படும் கணத்தில் அழுத்தத்தை உண்டாக்கும் முறை உருவானது. 1866இல் பிரான்சைச் சேர்ந்த பிரான்சுவா கார்லியே, சோடியம் பைகார்பனேட்டுக் கரைசலுடன் டார்டாரிக் அமிலத்தைக் கலக்கும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். 1881இல் அமெரிக்காவில் ஆல்மன் கிரேஞ்சர் டார்டாரிக் அமிலத்துக்குப் பதிலாகக் கந்தக அமிலத்தைப் பயன்படுத்தினார்.

உருளைக்குள் ஆப்ப சோடாக் கரைசலும் மேற்பகுதியில் அமிலம் நிறைந்த சிறு கண்ணாடிக் குப்பியும் இருக்கும். உருளையைத் தலைகீழாகக் கவிழ்த்தால் அமிலம் கொட்டி, சோடாவுடன் வினைபுரிந்து கரியமில வாயு உண்டாகும். அந்த வாயுதான் தீயை அணைத்தது என்று பலர் எண்ணுவதுண்டு. உண்மையில் வாயு நீரைத் தள்ளும் விசையாக மட்டுமே பயன்பட்டது. தீயை அணைத்தது நீரே. எனவே எண்ணெய்த் தீயிலும் மின்தீயிலும் இக்கருவி பயன்படவில்லை.

அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பள்ளிகளிலும் ஆலைகளிலும் இவ்வகைக் கருவிகள் தொங்கின. ஆனால் அமிலம் மெல்ல உலோகத்தை அரித்தது. ஆண்டுக்கணக்கில் அழுத்தமின்றிக் கிடந்த பழைய உருளை, கவிழ்த்த அந்தக் கணத்தில் திடீர் அழுத்தத்துக்கு உள்ளாகி, பிடித்திருப்பவரின் கையிலேயே வெடிக்கும் அபாயம் இருந்தது. அமெரிக்காவில் கவிழ்க்கும் வகைக் கருவிகளின் உற்பத்தி 1969இல் நின்றது.

பாகு நகரத்து நுரை

எண்ணெய்த் தீயில் நீரை ஊற்றினால், நீர் எண்ணெயைவிடக் கனமானது என்பதால் அடியில் சென்றுவிடும். எண்ணெய் மேலே மிதந்தபடி எரியும். கொதிக்கும் எண்ணெயாயின், நீர் திடீரென ஆவியாகி எண்ணெயையும் சேர்த்து மேலே வீசும். இந்தச் சிக்கலை நாள்தோறும் கண்ட ஊர்களுள் ஒன்று, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உலகின் பெரிய எண்ணெய் மையங்களில் ஒன்றாக விளங்கிய பாகு.

அங்கு ஆசிரியராகப் பணியாற்றிய ருஷ்யப் பொறியாளர் அலெக்சாந்தர் லோரான், எண்ணெயில் மிதக்கக்கூடிய ஒன்றே எண்ணெய்த் தீயை மூடமுடியும் என்று கருதினார். சோடியம் பைகார்பனேட்டுக் கரைசலையும் அலுமினியம் சல்பேட்டுக் கரைசலையும் கலந்து, கரியமில வாயுக் குமிழிகள் நிறைந்த நுரையை உண்டாக்கினார். 1902இலும் அதை அடுத்தும் சோதனைகளை நடத்தி, 1904இல் காப்புரிமை பெற்றார். இத்தகைய நுரை விரைவில் உடைந்துவிடாமல் இருக்க, தொடக்கக் காலக் கருவிகளில் அதிமதுர வேரின் சாறு சேர்க்கப்பட்டது. பின்னர், விலங்குகளின் கொம்பு, குளம்பு ஆகியவற்றின் புரதத்திலிருந்து செய்த கரைசலை நீருடன் கலந்து காற்றேற்றிப் பெறும் புரத நுரை வந்தது.

கார்பன் டெட்ராகுளோரைடு

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டிகளும் மின் இணைப்புகளும் பெருகின. மின்தீயில் நீர் பாய்ச்சினால் மின்சாரம் நீர்வழியே அணைப்பவரைத் தாக்கும். மின்சாரத்தைக் கடத்தாத, குளிர்நாடுகளில் உறையாத, கறை விடாத ஒரு திரவம் தேவைப்பட்டது. கார்பன் டெட்ராகுளோரைடு இம்மூன்று தகுதிகளையும் பெற்றிருந்தது. துணிகளை உலர்சலவை செய்யவும் அது பயன்பட்டது. ஆகவே மக்களுக்குப் பழக்கமான பொருளாக இருந்தது.

அமெரிக்காவின் பைரீன் நிறுவனம் 1910இல் இத்திரவத்தைப் பயன்படுத்தும் கருவிக்குக் காப்புரிமை கோரியது. பித்தளையாலான சிறு குழலில் கைப்பம்பு ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. அதை முன்னும் பின்னும் இயக்கினால் திரவம் பீய்ச்சும். வண்டிகளில் எளிதாகப் பொருத்தக்கூடிய அளவில் இருந்ததால் இக்கருவி விரைவாகப் பரவியது. இதே திரவம் நிறைந்த கண்ணாடிக் குண்டுகளும் விற்பனைக்கு வந்தன. அவற்றைத் தீயில் வீசி எறிந்தால் போதும்.

கார்பன் டெட்ராகுளோரைடின் ஆவி காற்றைவிடக் கனமானது. அது தீயைச் சூழ்ந்துகொள்வதோடு, சுவாலையின் சங்கிலி வினையிலும் குறுக்கிடும். ஆனால் அந்த ஆவியைச் சுவாசித்தவருக்கு ஈரலும் சிறுநீரகமும் பழுதடைந்தன. இதைவிடக் கொடியது வேறொன்று. சூடேறிய உலோகத்தின் மீதோ சுவாலையிலோ பட்டால் கார்பன் டெட்ராகுளோரைடின் ஒரு பகுதி பாஸ்ஜீனாக மாறும். முதல் உலகப் போரில் வேதி ஆயுதமாகப் பயன்பட்டுப் பெரும் உயிர்ச்சேதத்தை உண்டாக்கிய வாயு இது. சிறிய அறைக்குள் தீயை அணைத்துவிட்டு நலமாக வெளியே வந்தவருக்கு, பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறல் உண்டாகலாம்.

இந்த அபாயம் வேதியியலாளர்களுக்குத் தெரிந்திருந்தும் இக்கருவிகள் பல பத்தாண்டுகள் புழக்கத்தில் இருந்தன. தீ கண்ணுக்குத் தெரிந்தது, பாஸ்ஜீன் தெரியவில்லை. பழம்பொருள் சேகரிப்பாளர்களிடம் இன்றும் இத்தகைய பித்தளைக் குழல்களும் கண்ணாடிக் குண்டுகளும் இருக்கின்றன. உள்ளே திரவம் இருந்தால் அவற்றைத் திறக்கவோ உடைக்கவோ கூடாது.

கரியமில வாயுவும் உலர்தூளும்

தொலைபேசி இணைப்பகங்களில் ஏற்படும் தீயை அணைக்க, மின்சாரத்தைக் கடத்தாத பொருள் ஒன்றை அமெரிக்காவின் பெல் தொலைபேசி நிறுவனம் தேடியது. அத்தேவையை ஒட்டி 1924இல் வால்டர் கிட் நிறுவனம் கரியமில வாயுத் தீயணைப்பானை உருவாக்கியது. உயர் அழுத்தத்தில் திரவமாக அடைக்கப்பட்ட வாயு, கூம்பு வடிவக் குழல் வழியாக வெளியேறும். அப்போது அதன் ஒரு பகுதி ஏறத்தாழ மைனஸ் 78 டிகிரி செல்சியஸ் குளிரில் வெண்பனித் துகளாக மாறும். கருவிகள் நனைவதில்லை, கறையும் படிவதில்லை.

கையடக்கக் கருவியாகத் திறந்த வெளியில் பயன்படுத்தும்போது இவ்வாயுவால் பெரிய ஆபத்தில்லை. ஓர் அறை முழுவதையும் வாயுவால் நிரப்பும் நிலையான அமைப்புகளில் நிலைமை வேறு. தீ அணையவேண்டுமெனில் அறைக் காற்றில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் கரியமில வாயு சேரவேண்டும். அந்த அளவில் மனிதர் சில நிமிடங்களில் நினைவிழந்து இறந்துவிடுவார். 1975 முதல் நடந்த விபத்துகளைத் திரட்டி அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2000ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை, இத்தகைய அமைப்புகளில் வாயு வெளியேறியதால் 72 பேர் இறந்ததாகக் குறிப்பிடுகிறது. எனவே இவ்வமைப்புகளில் எச்சரிக்கை மணி ஒலித்துச் சற்று நேரம் கழித்தே வாயு திறக்கும்படி செய்கிறார்கள்.

அதே காலத்தில் உலர்தூளும் வந்தது. 1928இல் அமெரிக்காவின் டியூகாஸ் நிறுவனம், ஈரத்தால் கட்டியாகாமல் பதப்படுத்திய சோடியம் பைகார்பனேட்டுத் தூளை, தனிக் குடுவையில் உள்ள வாயுவின் விசையால் வீசும் கருவியை வெளியிட்டது. கார்லியேயின் கருவியில் நீரைத் தள்ளும் வாயுவுக்காகப் பயன்பட்ட அதே ஆப்ப சோடா, இங்கே தீயணைக்கும் பொருளாகவே மாறியது. 1950களின் இறுதியில் அமெரிக்கக் கடற்படை ஆய்வகம், சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் பைகார்பனேட்டைப் பயன்படுத்தி இன்னும் வலுவான தூளைக் கண்டது. மரம், துணி, எண்ணெய், வாயு ஆகிய எல்லாவற்றின் தீயிலும் பயன்படும் அம்மோனியம் பாஸ்பேட்டுத் தூளும் இக்காலத்தில் பரவியது. இந்தியாவில் கடைகளிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் இன்று பெரும்பாலும் காணப்படும் ஏபிசி வகை தீயணைப்பானில் இருப்பது இந்தத் தூளே.

மெத்தில் புரோமைடிலிருந்து ஹாலோன் வரை

விமானங்களுக்கு எடை குறைந்த பொருள் தேவைப்பட்டது. கார்பன் டெட்ராகுளோரைடைவிட வலுவாகத் தீயை அணைத்த மெத்தில் புரோமைடு, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டன், ஜெர்மனி நாடுகளின் விமானங்களிலும் கப்பல்களிலும் பயன்பட்டது. ஆனால் அது நரம்பு மண்டலத்தைத் தாக்கும் கடும் நஞ்சு. நிறமில்லாததும் ஏறத்தாழ மணமில்லாததுமான இவ்வாயு கசிந்தாலும் எளிதில் தெரியாது.

போர் முடிந்ததும் அமெரிக்க இராணுவம், நஞ்சு குறைந்த மாற்றுப் பொருளைத் தேடும் பணியைப் பர்டியூ பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிறுவனத்திடம் ஒப்படைத்தது. 1947 முதல் 1950 வரை நடந்த அந்த ஆய்வில் 60 அளவிலான சேர்மங்கள் சோதிக்கப்பட்டன. அவற்றிலிருந்து நான்கு தேர்ந்தெடுக்கப்பட்டன: ஹாலோன் 1301, 1211, 1202, 2402.

இந்த எண்கள் மூலக்கூறின் அமைப்பைக் குறிப்பவை. முதல் இலக்கம் கார்பன் அணுக்களையும், இரண்டாவது புளோரினையும், மூன்றாவது குளோரினையும், நான்காவது புரோமினையும் குறிக்கும். 1301 என்றால் கார்பன் 1, புளோரின் 3, குளோரின் இல்லை, புரோமின் 1. இதே முறையில் கார்பன் டெட்ராகுளோரைடு ஹாலோன் 104 ஆகவும், மெத்தில் புரோமைடு ஹாலோன் 1001 ஆகவும் அமையும். ஆக, புதிய பொருள்கள் பழைய நஞ்சுகளின் குடும்பத்தைச் சேர்ந்தவையே. புளோரின் அணுக்கள் சேர்ந்ததால் மூலக்கூறு உறுதிபெற்று, உடலில் வினைபுரிவது குறைந்தது.

சூடான சுவாலையில் ஹாலோன் உடைந்து புரோமினை வெளிவிடும். அந்தப் புரோமின் ஹைட்ரஜன் அணுக்களைப் பிடித்துச் சங்கிலி வினையை அறுக்கும். அறைக் காற்றில் ஏறத்தாழ 5 விழுக்காடு ஹாலோன் 1301 இருந்தாலே பல வகைத் தீ அணைந்துவிடும். அந்த அளவில் உள்ளே இருப்பவர் தப்பித்து வெளியேறவும் முடியும். கணினி அறைகள், விமான எந்திரங்கள், அருங்காட்சியகங்கள், போர்க் கப்பல்கள், பீரங்கி வண்டிகள் என எங்கும் ஹாலோன் பரவியது. நச்சுச் சிக்கல் தீர்ந்துவிட்டதாகவே தோன்றியது.

படல நுரையும் அழியாத சேர்மங்களும்

1960களில் நுரையிலும் ஒரு பெரிய மாற்றம் வந்தது. அமெரிக்கக் கடற்படை ஆய்வகம், புளோரின் சேர்ந்த சோப்பு போன்ற சேர்மங்களைக் கொண்டு புதுவகை நுரையை உருவாக்கியது. பெட்ரோலின் மேல் இந்த நுரையிலிருந்து வடியும் நீர் மூழ்காமல் மெல்லிய படலமாகப் பரவும். இதற்கான காப்புரிமை 1966இல் வழங்கப்பட்டது.

அடுத்த ஆண்டே இதன் தேவை உணரப்பட்டது. 1967 ஜூலை 29 அன்று வியட்நாமுக்கு அருகே டோன்கின் வளைகுடாவில் ஃபாரெஸ்டல் என்னும் அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலின் மேல்தளத்தில் ராக்கெட் ஒன்று தவறுதலாகச் சீறி, விமானம் ஒன்றின் எரிபொருள் கலத்தைத் தாக்கியது. தீயணைப்புப் படைத் தலைவர் ஜெரால்ட் ஃபேரியர், கையில் ஒரு பொட்டாசியத் தூள் கருவியுடன் தீக்குள் கிடந்த குண்டை நோக்கி ஓடி, அதன்மேல் தூளை வீசினார். தீப்பிடித்த 94 விநாடிகளில் முதல் குண்டு வெடித்தது. அவரும் பயிற்சி பெற்ற வீரர் பலரும் அங்கேயே இறந்தனர். எஞ்சியோரில் பலருக்குத் தீயணைப்புப் பயிற்சி இல்லை. ஒரு குழு நுரையைப் பரப்ப, மற்றொரு குழு கடல்நீரைப் பாய்ச்சி அந்த நுரையைக் கழுவித் தள்ளிவிட்டது. மொத்தம் 134 பேர் இறந்தனர். இதற்குப் பிறகு படல நுரை விமானந்தாங்கிக் கப்பல்களிலும், தொடர்ந்து உலகெங்கும் விமான நிலையங்களிலும் எண்ணெய்க் கிடங்குகளிலும் இடம்பெற்றது.

அந்த நுரையின் வலிமைக்குக் காரணமான கார்பன்-புளோரின் பிணைப்பே பின்னாளில் சிக்கலானது. இயற்கையில் அப்பிணைப்பு எளிதில் உடைவதில்லை. பல பத்தாண்டுகள் பயிற்சிக்காகத் தரையில் பீய்ச்சிய நுரை, விமானத் தளங்களைச் சுற்றியுள்ள நிலத்தடி நீரில் தங்கியது. பீஃபாஸ் என்னும் இச்சேர்மங்களில் ஒன்றான பீஃபோஸ் 2009இலும், பீஃபோவா 2019இலும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் சேர்க்கப்பட்டன. 2023இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை பீஃபோவாவை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்தியது. பல நாடுகள் புளோரின் இல்லாத நுரைக்கு மாறிவருகின்றன.

ஓசோன் படலமும் ஹாலோனும்

ஹாலோனுக்கும் அதன் உறுதித்தன்மையே பகையாயிற்று. கீழ்வளி மண்டலத்தில் உடையாத ஹாலோன் 1301, அரை நூற்றாண்டுக்கும் மேல் காற்றில் நிலைத்திருக்கும். மெல்ல மேலேறி அடுக்குமண்டலத்தை அடைந்ததும், புறஊதாக் கதிர்கள் அதை உடைத்துப் புரோமினை விடுவிக்கும். சுவாலையில் சங்கிலி வினையை அறுத்த அதே புரோமின், அங்கே ஓசோனை அழிக்கும் சங்கிலி வினையை நடத்தும்.

குளோரோஃபுளோரோகார்பன்கள் ஓசோனைச் சிதைக்கும் என்று மரியோ மொலீனாவும் ஷெர்வுட் ரோலண்டும் 1974இல் எழுதினர். புரோமினும் இதைச் செய்யும் என்பதை மறு ஆண்டு ஹார்வர்டு ஆய்வாளர்கள் காட்டினர். அணுவுக்கு அணு ஒப்பிட்டால், புரோமின் குளோரினைவிடச் சுமார் 60 மடங்கு அதிகமாக ஓசோனை அழிக்கிறது. 1985இல் ஜோசப் ஃபார்மனும் அவருடைய சக ஆய்வாளர்களும் அண்டார்க்டிகாவின் மேலே ஓசோன் பெரிதும் குறைந்திருப்பதை வெளியிட்டனர்.

1987 செப்டம்பர் 16 அன்று மான்ட்ரியல் நெறிமுறை கையெழுத்தானது. அதில் ஹாலோன்கள் தனிப் பிரிவாகச் சேர்க்கப்பட்டன. ஓசோன் சிதைக்கும் திறன் ஹாலோன் 1211க்கு 3, 2402க்கு 6, 1301க்கு 10 என்று குறிக்கப்பட்டது. ஒப்பீட்டின் அடிப்படையான சிஎஃப்சி 11க்கு இது 1 ஆகும். முதலில் ஹாலோன் உற்பத்தியை 1986ஆம் ஆண்டு அளவில் நிறுத்திவைப்பது மட்டுமே முடிவாயிற்று. 1992இல் கோபன்ஹேகனில் அது கடுமையாக்கப்பட்டு, வளர்ந்த நாடுகளில் 1994 ஜனவரி 1 முதல் உற்பத்தி நின்றது. சிஎஃப்சிகளுக்கு அங்கு இரண்டு ஆண்டுகள் கழித்தே இந்நிலை வந்தது.

உயிர்காக்கும் பொருள் என்று கருதப்பட்ட ஒன்றை இவ்வளவு விரைவாக நிறுத்த முடிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. காற்றில் கலந்த ஹாலோனில் பெரும்பகுதி தீயை அணைக்கும்போது வெளியேறியது அன்று என்பது ஆராய்ந்தபோது தெரிந்தது. அமைப்பு சரியாக வேலை செய்கிறதா என்று சோதிக்கத் திறந்துவிட்டதும், பயிற்சியில் வீணானதும், கசிந்ததும், பராமரிப்பின்போது தவறவிட்டதுமே அதிகம். சோதனைக்காகத் திறப்பதை நிறுத்தி, பழைய உருளைகளில் உள்ளதைச் சேகரித்துத் தூய்மைப்படுத்தி மறுபடி பயன்படுத்தியபோது புதிய உற்பத்தியின் தேவை பெருமளவு குறைந்தது.

இந்தியா 1992இல் மான்ட்ரியல் நெறிமுறையில் இணைந்தது. 2010 ஜனவரி 1 முதல் இந்தியாவில் சிஎஃப்சி, கார்பன் டெட்ராகுளோரைடு, ஹாலோன் ஆகியவற்றின் கட்டுப்படுத்தப்பட்ட உற்பத்தியும் பயன்பாடும் நிறுத்தப்பட்டன. இருக்கும் ஹாலோனைச் சேமித்துக் காக்க டெல்லியில் உள்ள பாதுகாப்புத் துறை ஆய்வு மையத்தில் தேசிய ஹாலோன் வங்கி அமைந்தது. முழுமையான மாற்று கிடைக்காத விமானங்களின் சில பகுதிகளில், மறுசுழற்சி செய்த ஹாலோன் இன்றும் பயன்படுகிறது.

நெர்பா நீர்மூழ்கி விபத்து

மூடிய இடத்தில் இத்தகைய வாயுக்கள் எவ்வளவு ஆபத்தாகலாம் என்பதை 2008 நவம்பர் 8 அன்று ஜப்பான் கடலில் நடந்த விபத்து காட்டியது. நெர்பா என்னும் ருஷ்ய அணு நீர்மூழ்கிக் கப்பலின் சோதனை ஓட்டத்தின்போது, தீ ஏதும் இல்லாத நிலையிலேயே தீயணைப்பு அமைப்பு இயங்கிவிட்டது. 200க்கும் மேற்பட்டோர் உள்ளே இருந்தனர். 20 பேர் மூச்சுத் திணறி இறந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் கப்பல் கட்டும் தளத்தைச் சேர்ந்தவர்கள். உருளைகளில் இருக்கவேண்டியது ஹாலோன் 2402. ஆனால் அதில் நஞ்சு மிகுந்த டெட்ராகுளோரோஎத்திலீன் கலந்திருந்ததாக விசாரணையின்போது செய்திகள் வெளிவந்தன. பின்னர் சரிசெய்யப்பட்ட இக்கப்பலே 2012இல் குத்தகைக்குப் பெறப்பட்டு, ஐஎன்எஸ் சக்ரா என்ற பெயரில் இந்தியக் கடற்படையில் பணியாற்றியது.

ஹாலோனுக்குப் பின்

ஹாலோனின் இடத்தை நிரப்ப மூன்று வழிகள் முயலப்பட்டன.

முதலாவது, புரோமினும் குளோரினும் இல்லாத ஹைட்ரோஃபுளோரோகார்பன்கள். கணினி அறைகளில் பரவலான எச்எஃப்சி 227இஏ இவ்வகையைச் சேர்ந்தது. இது ஓசோனைச் சிதைப்பதில்லை. ஆனால் 100 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட 3,000 மடங்குக்கும் மேல் புவியை வெப்பமாக்கும். 2016ஆம் ஆண்டின் கிகாலி திருத்தம் இவ்வகை வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்க வகைசெய்தது.

இரண்டாவது, புளோரினேற்றிய கீட்டோன் திரவம். பார்வைக்குத் தண்ணீர் போன்றது. ஏறத்தாழ 49 டிகிரி செல்சியஸில் கொதிப்பது. மின்கருவியை இதில் மூழ்கவைத்தாலும் பழுதாவதில்லை. சூரிய ஒளியில் சில நாட்களில் சிதைந்துவிடுவதால் புவி வெப்பமடைதலில் இதன் பங்கு மிகக் குறைவு. எனினும் வேதி அமைப்பின்படி இதுவும் பீஃபாஸ் குடும்பத்தில் அடங்கும். இதை அறிமுகப்படுத்திய 3எம் நிறுவனம், பீஃபாஸ் சேர்மங்களின் உற்பத்தியிலிருந்து 2025 இறுதிக்குள் விலகப்போவதாக 2022 டிசம்பரில் அறிவித்தது.

மூன்றாவது, காற்றிலேயே உள்ள மந்த வாயுக்கள். 52 விழுக்காடு நைட்ரஜன், 40 விழுக்காடு ஆர்கான், 8 விழுக்காடு கரியமில வாயு கொண்ட இனர்ஜென் கலவை இதற்கு எடுத்துக்காட்டு. அறையில் ஆக்சிஜன் தீக்குப் போதாத அளவுக்குக் குறையும்போது, சிறிதளவு கரியமில வாயு மனிதரின் மூச்சைத் தூண்டிச் சுவாசிக்க உதவுகிறது. இவ்வழியில் புதிய நஞ்சு இல்லை. ஆனால் பெரிய உருளைகள் பல தேவை. நீரை மிக நுண்ணிய துளிகளாகத் தெளிக்கும் நீர்ப்பனி அமைப்புகளும் இன்று பரவிவருகின்றன.

எந்தத் தீக்கு எந்தப் பொருள்?

இந்தியத் தர நிறுவனத்தின் வகைப்பாட்டில், மரம், தாள், துணி போன்ற திடப்பொருள் தீ ஏ வகுப்பு. எண்ணெய், பெட்ரோல் போன்ற திரவங்களின் தீ பி வகுப்பு. எரிவாயுத் தீ சி வகுப்பு. மக்னீசியம், சோடியம் போன்ற உலோகங்களின் தீ டி வகுப்பு.

ஏ வகுப்புக்கு நீரும் ஏபிசி தூளும் ஏற்றவை. பி வகுப்புக்கு நுரை, தூள், கரியமில வாயு ஆகியவை பொருந்தும். சி வகுப்பில் வாயு வரும் வழியை அடைப்பதே முதல் வேலை; தூள் துணைசெய்யும். மின்கருவித் தீயில் முதலில் மின்சாரத்தைத் துண்டிக்கவேண்டும்; பிறகு கரியமில வாயு அல்லது தூள் பயன்படும். எரியும் உலோகத்தின் மேல் நீரோ கரியமில வாயுவோ பட்டால் தீ வலுக்கக்கூடும். அதற்கென உள்ள சிறப்புத் தூளோ ஈரமில்லாத மணலோதான் தேவை. எனவே உருளையை எடுக்கும் முன் அதன்மேல் எழுதியிருப்பதைப் படித்துப் பழகியிருப்பது அவசியம்.

முடிவுரை

சோடா-அமிலக் கருவியின் குறை அதைப் பிடித்தவர் கையிலும், கார்பன் டெட்ராகுளோரைடின் குறை அடுத்த நாள் மருத்துவமனையிலும் தெரிந்தது. ஹாலோனின் குறை தெரியப் பல பத்தாண்டுகள் ஆனதோடு, அது வெளிப்பட்டது தென்துருவத்தின் மேலே. படல நுரையின் குறை குடிநீரில் தெரிந்தது. ஒவ்வொரு முறையும் கேடு, பயன்படுத்தியவரிடமிருந்து இன்னும் தொலைவிலும் இன்னும் தாமதமாகவும் வெளிப்பட்டிருக்கிறது. ஆகையால் இன்று ஒரு புதிய தீயணைப்புப் பொருளை ஏற்கும்போது, அது தீயை அணைக்கிறதா என்பதுடன் உடலில், காற்றில், நீரில் அது என்னவாகிறது, எத்தனை ஆண்டுகள் தங்குகிறது என்பனவும் சேர்த்துக் கேட்கப்படுகின்றன.

ஹாலோனின் வரலாறு நம்பிக்கை தரும் ஒன்றையும் காட்டுகிறது. உலக நாடுகள் உடன்பட்டு ஓசோனைச் சிதைக்கும் பொருள்களை நிறுத்தியதன் பயனாக ஓசோன் படலம் மீண்டுவருகிறது. இன்றைய கட்டுப்பாடுகள் தொடர்ந்தால் அண்டார்க்டிகாவின் மேலே அது 2066 அளவில் 1980ஆம் ஆண்டின் நிலையை எட்டும் என்று 2022ஆம் ஆண்டின் அறிவியல் மதிப்பீடு கணித்துள்ளது.